டெக்சஸ் பள்ளி பாண்டு தேர்தல்: வாக்குச்சீட்டில் ஏமாறாதீர்கள்

டெக்சஸில் ஒரு பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) புதுப் பள்ளி கட்ட, பாண்டு எனும் கடன் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்க வேண்டுமானால், முதலில் வாக்காளர்கள் சம்மதிக்க வேண்டும். ஃபிரிஸ்கோ, கேட்டி பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களும் இங்கேதான் குழம்புகின்றன.

'இது ஒரு சொத்து வரி உயர்வு' என்ற வாசகத்தை வாக்குச்சீட்டில் பார்த்ததுமே பலர் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 2019-இல் வந்த சட்டப்படி, வரி விகிதம் ஏறாவிட்டாலும் அந்த வாசகத்தை அச்சிட்டே ஆக வேண்டும். சரி, 'விகிதம் ஏறாது' என்று மாவட்டம் சொன்னால் நம் பில்லும் ஏறாதா? அப்படி நினைப்பதும் தவறு. விகிதம் 100 டாலருக்கு 25 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் வரி மதிப்பு 4,00,000 டாலரிலிருந்து 4,40,000 ஆனால், கட்ட வேண்டியது 1,000 டாலரிலிருந்து 1,100 ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. பழைய கடன் அடைய அடைய விகிதம் இறங்க வழியிருக்கும். புதுக் கடன் அதைத் தடுத்துவிடலாம். 'இந்தக் கடன் இல்லாவிட்டால் விகிதம் எவ்வளவு குறையும்?' என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

ஆசிரியர் சம்பளம் உயரும் என்று நம்பி ஓட்டுப் போடாதீர்கள். பாண்டு பணம் கட்டடம், நிலம், பஸ் போன்றவற்றுக்கு மட்டும்தான். சம்பளம் வேறு வரிக் கணக்கிலிருந்து வருகிறது.

சீட்டில் தீர்மானங்களை ஏ, பி, சி என்று பிரித்திருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகப் படியுங்கள். 1,000 இருக்கைக்கு மேற்பட்ட ஸ்டேடியம், நீச்சல் அரங்கம் போன்றவற்றைத் தனித் தீர்மானமாகத்தான் வைக்க வேண்டும். வகுப்பறைக்குச் சரி, ஸ்டேடியத்துக்கு வேண்டாம் என்று தாராளமாக ஓட்டுப் போடலாம்.

'எப்படியும் அரசு சரிபார்க்கும்' என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. தேர்தலுக்குப் பிறகு மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் இந்தக் கடன் பத்திரங்களை ஆராய்வது உண்மைதான். நடைமுறை சட்டப்படி நடந்ததா, 100 டாலருக்கு 50 சென்டுக்குள் வரி போட்டுக் கடனை அடைக்க முடியுமா என்று பார்ப்பார். அந்தப் பள்ளி உண்மையிலேயே தேவையா என்று அவர் பார்க்க மாட்டார். அவர் ஒப்புதல் தந்து பத்திரம் பதிவான பிறகு வழக்குப் போட்டு அசைப்பதும் மிகக் கடினம்.

அப்புறம், குடியுரிமை இருந்தும் பெயர் பதியாமல் விட்டுவிடாதீர்கள். தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு முடிந்துவிடும்.