அப்பாவின் போனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை: மோசடி அழைப்புகளுக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி?

"உங்கள் மின் இணைப்பு இன்றிரவு 9.30 மணிக்குத் துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணில் தொடர்புகொள்ளவும்." இந்த எஸ்எம்எஸ் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். இதில் ஹேக்கிங் எதுவும் கிடையாது. கரண்ட் போய்விடுமே என்ற பதற்றமும், ஈபி ஆபீஸ் மூடிய நேரமும்தான் மூலதனம். நேரில் போய் விசாரிக்க வழி இருக்கக்கூடாது என்றுதான் அந்த 9.30.

பதற்றம் வந்தபின் யோசனை ஓடாது. அதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமும் இல்லை. அதனால் யோசிக்க வேண்டியதை நிதானமாக இருக்கும்போதே யோசித்து, போனிலும் வீட்டிலும் ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். அப்பா அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் கையாலேயே செய்யவையுங்கள்.

படி 1: வாட்ஸ்அப்

செட்டிங்ஸ் > அக்கவுண்ட் > டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். 6 இலக்க எண் ஒன்றைப் போடுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் கோடு யாரிடமாவது போனாலும், இந்த எண் இல்லாமல் கணக்கைப் பிடுங்குவது கடினம். அடுத்து செட்டிங்ஸ் > பிரைவசி > கால்ஸ் போய் 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' ஆன் செய்யுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்புக்கு இனி மணி அடிக்காது.

படி 2: ஏபிகே

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று ஏதோ ஒரு பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (ப்ளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாக ஆப் நிறுவும் ஃபைல்) வரும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடி, அங்கே உள்ள எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போல அடுத்தவருக்குத் திரையைக் காட்டும் ஆப் இருந்தால், தேவையில்லாத பட்சத்தில் நீக்கிவிடுங்கள்.

படி 3: ஒரு ரூபாய் ஒத்திகை

பழைய கட்டிலை விற்க ஆன்லைனில் விளம்பரம் போட்டால், "ராணுவத்தில் இருக்கிறேன்" என்று ஒருவர் பேசுவார். பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்பார். (பேரமே பேசாமல் பழைய கட்டில் வாங்குகிறவரை எனக்கு அப்போதே பிடிக்காது.)

இதை வாயால் விளக்குவதைவிடச் செய்துகாட்டுவது நல்லது. நீங்கள் அப்பாவுக்கு யூபிஐயில் 1 ரூபாய் அனுப்புங்கள். அவர் போன் எதையும் கேட்காது, பணம் வந்துவிடும். இப்போது அவர் உங்களுக்கு 1 ரூபாய் அனுப்பட்டும். பின் நம்பர் கேட்கும். பணம் வாங்கப் பின் நம்பர் தேவையில்லை, பணம் வருகிறது என்று சொல்லும்போது அது கேட்டால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம்.

கூடவே இன்னொன்று: யூபிஐக்கு என்று தனிக் கணக்கு வைத்து, மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் அதில் போடுங்கள். பென்ஷனும் சேமிப்பும் கிடக்கும் கணக்கை யூபிஐயில் இணைக்கவே வேண்டாம்.

படி 4: 'டிஜிட்டல் கைது' பற்றிப் பேசுங்கள்

போலீஸ் போல வீடியோ காலில் வந்து, 'உங்களைக் கைது செய்திருக்கிறோம்' என்று மிரட்டிப் பணம் பறிப்பதுதான் இது. மேலே சொன்ன எந்த செட்டிங்கும் இதற்கு முன் நிற்காது, ஏனென்றால் இதில் பணத்தை அனுப்புவதே நம் ஆள்தான். பேங்குக்குப் போய் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். கவுன்ட்டரில் கேட்டால் என்ன பொய் சொல்ல வேண்டும் என்பதையும் எதிராளியே சொல்லிக்கொடுத்திருப்பான்.

கதை பெரும்பாலும் ஒன்றுதான். உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்தது, அல்லது உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் குற்றம் நடந்தது. பிறகு வீடியோ காலில் காக்கிச் சட்டை, பின்னால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி அறை, முத்திரை குத்திய போலி கோர்ட் ஆர்டர். கேமராவை அணைக்காதே, வீட்டில்கூட யாரிடமும் சொல்லாதே. கடைசியில், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம், பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்று.

வீடியோ காலில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. 2024 அக்டோபர் 27 வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். ஆனால் போலீஸ் உடையைப் பார்த்ததும் சட்டம் எல்லாம் ஞாபகம் வராது. அதைவிட, "சார்" என்று கூப்பிட்ட ஒருவரின் போனைப் பாதியில் வைப்பது மரியாதை இல்லை என்று நம் பெரியவர்கள் நினைப்பார்கள். அதனால் சொல்லிவிட்டு வைக்க ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுங்கள்: "பையன்கிட்ட கேட்டுட்டுப் பேசுறேன் சார்." பிறகு நீங்களே அதிகாரியாகி மிரட்டுங்கள், அப்பா அதைச் சொல்லி கட் செய்யட்டும். சிரிப்பு வரும், வரட்டும். "யாரிடமும் சொல்லாதே" என்ற பேச்சு வந்ததுமே கட் செய்ய வேண்டும் என்பதை மட்டும் விடாமல் பழக்குங்கள்.

ஏஐ வைத்து நகலெடுத்த உங்கள் குரலிலேயே "அம்மா, மாட்டிக்கிட்டேன், பணம் அனுப்பு" என்று அழைப்பு வந்தால்? ஃபேஸ்புக்கில் எங்கும் இல்லாத, வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: 1930

சைபர் மோசடியில் பணம் போனால் புகார் செய்வதற்கான அரசு உதவி எண் இது. இதை அவர்கள் போனிலேயே சேமியுங்கள். பணம் போனது தெரிந்த உடனே அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும், எடுப்பதற்குள் பிடித்தால் அங்கேயே முடக்க முடியும். எந்த பேங்க், எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். அடுத்த போன் உங்கள் பேங்குக்கு. 2017-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஓடிபியை நாமே சொல்லிவிட்டால் பேங்குக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் நஷ்டம், தெரிவித்த பிறகு போனால் பேங்கின் பொறுப்பு.

ஆகவே திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து ஒரு நாள் மறைத்தால் அந்த ஒரு நாள் மோசடிக்காரனுக்குத்தான் லாபம்.

புகாருக்குப் பிறகு, "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது அழைக்கலாம். அதுவும் மோசடிதான். 1930-இல் புகார் செய்யக் கட்டணம் கிடையாது.