தாயக்கட்டையால் சுரம் போடுங்கள்

சாம்ப்ளரில் (பதிவு செய்த ஒலியைச் சுரங்களாக வாசிக்கும் கருவி) நுண்சுர இசை, அதாவது வழக்கமான சுரத்தானங்களிலிருந்து சிறிது விலகிய சுரங்களில் இசை அமைக்கும்போது, அடுத்த சுரத்தை ரேண்டம் பட்டனிடம் விடாமல் இரண்டு தாயக்கட்டையை உருட்டித் தேர்ந்தெடுங்கள். வண்ணாரப்பேட்டை வீட்டுப் பரண்களில் தேடினால் பித்தளைக் கட்டையே அகப்படலாம், செலவில்லை.

விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு, சுரமும் ஏழு. கட்டைக்கு நான்கு பக்கம் என்பதால் வரும் 16 சேர்க்கைகளில் 3 விழ நான்கு வழி, 2க்கும் 4க்கும் மும்மூன்று, 1க்கும் 5க்கும் இரண்டிரண்டு, 6க்கும் 12க்கும் ஒன்றே ஒன்று. 3க்கு ஸ, 2க்கும் 4க்கும் ப, க என்று வைத்துவிட்டால் இந்த மூன்றுமே அதிகம் விழும், ஆதார சுரம் நிற்கும். ஆனால் சென்ட் அளவை (அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) மட்டும் உருட்டவே உருட்டாதீர்கள், அதைச் சுரத்தோடு கட்டிவிடுங்கள். அந்தர காந்தாரத்தை (மேல் க) ஃபைன் டியூனில் 14 சென்ட் இறக்கினால் ஸ-வோடு 5:4 அதிர்வெண் விகிதத்துக்கு வந்துவிடும், தம்புராவோடு உரசாது.

கானாக் கச்சேரியில் பதிவு செய்த ஆர்மோனியம் என்றால் இந்த 14 கணக்கு செல்லாது. அதன் ரீடுகள் ஏற்கெனவே விலகியிருக்கலாம், முதலில் டியூனரில் பாருங்கள். டோலக், சட்டி போன்ற தாளக் கருவிகளுக்கு சென்ட் வேலையே வேண்டாம். எல்லாச் சுரமும் சமமாக வர வேண்டுமென்றால் சீட்டுக் குலுக்கல்தான் சரி.