சைட் சேடில் பழகுகிறீர்களா? பின்னால் ஒருத்தி நிற்கட்டும்

தோழிகளோடு முதல்முறை சைட் சேடில், அதாவது இரண்டு காலையும் குதிரையின் இடப்பக்கமே போட்டு உட்காரும் சவாரி, பழகப் போனால் ஆளுக்கொரு குதிரை எடுக்காதீர்கள். ஒரே குதிரையில் மாறி மாறி ஏறுங்கள். ஒருத்தி மேலே இருக்கும்போது இன்னொருத்தி குதிரைக்கு நேர் பின்னால், 15 அடியாவது தள்ளி நின்று செல்போனில் வீடியோ எடுக்கட்டும்.

இரண்டு காலும் இடப்பக்கம் இருப்பதால் உடம்பு தானாகவே இடது பக்கம் சாயும், சேணமும் கூடவே இழுபடும். மேலே இருப்பவளுக்கு இது தெரியவே தெரியாது. நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று சத்தியம் செய்வாள்! பின்னாலிருந்து பார்த்தால் சட்டையின் நடுத்தையல் குதிரை வாலுக்கு நேராக இருக்கிறதா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். விலகியிருந்தால் வலது தொடையைச் சேணத்தில் நன்றாக அழுத்தி, வலது தோளைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். இடது காலால் அங்கவடியை மிதித்துச் சரிசெய்யப் பார்த்தால் இன்னும் சாயும்.

ஆனால் உயரத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரே சேணம் ஒத்துவராது. தொடை நீளத்துக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் வலது முழங்கால் மேல்கொம்பில் (வலது காலை மேலே போட்டுக்கொள்ள, சேணத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த பிடி) சரியாக உட்காராது. நேராக உட்கார்ந்த பிறகும் சேணம் நகர்ந்தால் கோளாறு பெரும்பாலும் உங்களிடம் இல்லை, சேணம்தான் அந்தக் குதிரைக்குப் பொருந்தவில்லை. உடனே இறங்கிவிடுங்கள், குதிரையின் முதுகு புண்ணாகும். அப்புறம், உதைக்கிற குதிரை என்றால் பின்னால் நிற்கவே வேண்டாம், வேலிக்கு வெளியிலிருந்து எடுங்கள்.