அம்மா வேடத்தில் சிரிக்க வைப்பது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் திருவிழா மேடைக்கு நகைச்சுவை நாடகம் தயாரிக்கும் குழுக்களுக்கு மகன் வேடத்திற்கு ஆள் கிடைப்பதில் சிரமம் இராது. அம்மா வேடத்தில்தான் நாடகம் பெரும்பாலும் சறுக்குகிறது. அந்த வேடத்தை ஏற்பவர், ஒத்திகை தொடங்கும் முன், 'ஒரு கல் ஒரு கண்ணாடி' (2012) படத்தில் சரண்யா பொன்வண்ணன் நடித்த தாயை இரண்டு முறை பார்த்துவிட வேண்டும். 'நாயகன்' (1987) படத்தில் அறிமுகமாகி, 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தின் தாய் வேடத்திற்காகத் தேசிய விருது பெற்ற அவர், இந்த இலகுவான வேடத்தையும் அதே அக்கறையோடுதான் செய்திருக்கிறார்.

முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டு, மகன் பேசும் நேரத்தில் தாயின் முகத்தை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு, வெகுளித்தனமான அந்தப் பேச்சு எங்கே விரைகிறது, எங்கே தயங்குகிறது என்று கேளுங்கள். பட்டதாரி என்று பொய் சொல்லி மணந்ததால் பேச்சை நிறுத்திவிட்ட கணவருக்காக, வயதான பின்னும் தேர்வெழுதிக்கொண்டிருக்கும் பெண் அவர். அவருக்கு அது வேடிக்கை அல்ல என்பதாலேயே நமக்குச் சிரிப்பு வருகிறது.

ஆகவே உங்கள் நாடகத்து அம்மாவுக்கும் மெய்யான ஒரு தேவையைக் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகில் வேலை செய்யும் மகன் வீட்டில் படுத்துக்கொண்டு புதுக் கைப்பேசிக்குப் பணம் கேட்கிறான். அம்மாவோ அடகுக் கடையிலிருக்கும் தோட்டை மீட்பதற்குக் காசு சேர்க்கிறாள் என்று வைத்துக்கொண்டால், நகைச்சுவைத் துணுக்குகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கதை கீழக்கரையின் முஸ்லிம் குடும்பத்தில் நடந்தால் மகன் 'உம்மா' என்றே அழைக்கட்டும்.

பேசும்போது கைக்கு வேலை இருக்க வேண்டும். கருவாட்டைப் புரட்டிப்போட்டபடியே திட்டும் தாய், "இந்தா, இந்தத் தட்டைப் பிடி, ராசா" என்று கோபத்தின் நடுவிலும் மகனை வேலை வாங்கும்போது, திட்டும் பாசமும் ஒரே மூச்சில் வந்துவிடும். ஒத்திகையிலும் உண்மையான தட்டையே பயன்படுத்துங்கள்; பாவனையாகப் பழகிய கை மேடையில் தடுமாறும்.

திரைப்படத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதது வேகம். அங்கே படத்தொகுப்பு இடைவெளியை முடிவு செய்கிறது. மேடையில் கூட்டத்தின் சிரிப்பு அடுத்த வசனத்தை விழுங்கிவிடும். சிரிப்பு எழுந்தால் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்காமல், கைவேலையைத் தொடர்ந்துகொண்டே, அது தணியத் தொடங்கும் நேரத்தில் அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். ஆண் ஒருவர் சேலை கட்டி நடிப்பதானால் குரலைக் கீச்சாக்க வேண்டாம். அது தாயையே கேலிப்பொருளாக்கும், தவிர, கடற்காற்றில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்க மிகக் கொடுமையாகவும் இருக்கும். ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை மாட்டி, காற்று வீசும் அதே மாலை நேரத்தில் ஒருமுறையாவது முழு நாடகத்தையும் அந்த மேடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.