அடம்பங்கொடி நடுவதில் நேரும் தவறுகள்

தனுஷ்கோடி முதல் வாலிநோக்கம் வரை கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடப்பது அடம்பு. நடுவில் பிளந்த இலை ஆட்டுக் குளம்பு போல இருக்கும். சங்கப் புலவர்கள் அதை மானடி என்றார்கள். வெப்பமண்டலக் கடற்கரைகள் எங்கும் வளரும் பல்லாண்டுக் கொடி, அழியும் நிலையில் உள்ள செடி அல்ல. அதனாலேயே "பிடுங்கினால் தானே முளைக்கும்" என்ற அலட்சியம் வருகிறது. கொடி பெருகலாம், அது நிற்கும் மணல்மேடு ஒருமுறை கரைந்தால் திரும்புவது அரிது. 2019ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வைத்திருப்பது இதனால்தான்.

கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைன் விட்டு வழிக்கிறார்கள். குப்பையோடு கொடியும் போய்விடும். கணுவுக்குக் கணு இறங்கிய வேர் அறுந்த இடத்தில் கச்சான் காற்று பள்ளம் பறிக்கும். அந்த மணல் அப்படியே சாலைக்கும் வாசலுக்கும் வரும். பிளாஸ்டிக்கைக் கையால்தான் பொறுக்க வேண்டும்.

விதையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. நெல்லுக்குச் செய்வது போலத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைப் பதர் என்று கொட்டிவிடுகிறார்கள். அடம்பு கடலில் மிதந்து கரை மாறும் செடி. நல்ல விதைதான் மிதக்கும்! காய்ந்த காய்க்குள் பழுப்பு ரோமம் மூடிய விதைகள் பெரும்பாலும் நான்கு இருக்கும். தோல் மிகக் கடினம். அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் கிடக்கும். காம்புத் தழும்புக்கு எதிர்ப்பக்கம் உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்தி, ஒரு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் உப்பியதை ஊன்றலாம். உப்பாததை மறுபடி தேய்க்க வேண்டும்.

கொடித்துண்டு இதைவிடச் சுலபம், அங்கேயும் அவசரம் கெடுக்கும். நுனித் தளிர் வாடிவிடும், அடிக்கட்டை வேர்விடச் சுணங்கும். நடுக்கொடியில் நான்கைந்து கணு உள்ள, முழ நீளத் துண்டுதான் சரி. ஒரே இடத்தில் மொத்தமாக அறுக்காதீர்கள், அங்கே மேடு திறந்துகொள்ளும். இரண்டு மூன்று கணு ஒரு சாண் ஆழத்தில் ஈர மணலுக்குள் படுக்க வேண்டும், நுனி மட்டும் வெளியே. செம்மண்ணும் உரமும் வேண்டாம், களைதான் ஏறும்.

நடுவது ஐப்பசியில், முதல் மழை மணலை நனைத்த பிறகு. ஆனி, ஆடியில் நட்டால் காற்று மணலை வாரி வேரை வெளியே போட்டுவிடும். பெரிய அலை ஏறும் கோட்டுக்கு மேலே, அரை மீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நடுங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. தனித்தனியே தூவி நட்டது நிற்காது. சவுக்குத் தோப்பின் நிழலிலும் வளராது, முழு வெயில் வேண்டும். மழை பொய்த்தால் முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

வேலி முழுதாக அடைப்பதும் தவறு. வள்ளம் இழுக்க, வலை காயப்போட வழி விடாவிட்டால் நாலே நாளில் வேலியும் கொடியும் மிதிபடும். நடுவதற்கு முன்பே மீனவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் தடத்தை விட்டுவிட்டு நடுங்கள்.