பேட்டி ஸ்மித்தைப் பற்றி எழுதும்போது பலர் சறுக்கும் இடங்கள்

பேட்டி ஸ்மித் அமெரிக்கக் கவிஞர், ராக் பாடகி. அவரைப் பற்றி எழுதுவோரின் முதல் சறுக்கல் பெயரிலேயே. 1984-இல் 'தி வாரியர்' பாடலால் புகழ்பெற்ற 'ஸ்கேண்டல்' குழுவின் பாடகி வேறொருவர். தமிழில் எழுதினால் இருவர் பெயரும் ஒன்றுபோலவே இருக்கும். ஆங்கிலத்தில் 'ஸ்கேண்டல்' பாடகியின் ஸ்மித்தில் 'ஐ'க்குப் பதில் 'ஒய்' வரும். படமோ பாட்டோ எடுத்துப் போடும் முன் அந்த ஓர் எழுத்தைப் பாருங்கள். நம் பேட்டிக்கு 'ஸ்மித்' கணவர் வழி வந்த பெயர் என்பதும் தவறு. 1946 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் பிறந்தபோதே அவர் ஸ்மித்தான். 1980-இல் அவர் மணந்த எம்சி5 என்ற ராக் குழுவின் கிடார் கலைஞர் ஃபிரெட்டும் ஸ்மித்தாக இருந்தது தற்செயல். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: இந்தக் கட்டுரைகளில் உரையாடலைக் குறிக்க 'நேர்காணல்' என்றே எழுதுங்கள். 'பேட்டி ஸ்மித் பேட்டி' என்றால் வாசகர் தடுமாறுவார்.

'பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட எளிய ராக் இசை) அலையில் எழுந்தவர்' என்று எழுதுவதுதான் பெரிய பிழை. ஆண்டுகளை வரிசையாக வையுங்கள். அவருடைய முதல் ஆல்பமான 'ஹார்சஸ்' 1975-இல் வந்தது. பங்க் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976 ஏப்ரலில். இன்னொரு பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் ஆல்பம் 1977 அக்டோபரில். அலைக்கு முன்பே வந்தவர் அவர். அதற்கும் முன்னால், 1971 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் கவிதை வாசித்தார். பக்கத்தில் லென்னி கேயின் கிடார். டிரம்ஸ் கிடையாது. பியானோவுக்கு ரிச்சர்ட் சோல், பிறகு ஐவன் க்ரால், கடைசியில் 1975-இல் டிரம்ஸுக்கு ஜே டீ டாஹர்ட்டி என்று குழு ஒவ்வொருவராகச் சேர்ந்து உருவானது. நடுவில் இருந்தது சொல். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தது.

'ஹார்சஸ்' ஆல்பத்தின் 'குளோரியா' பாடலைக் கேட்டால் இது காதுக்கே புரியும். தொடக்கத்தில் மெதுவான பியானோ, பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட குரல். பிறகு தாளம் படிப்படியாக வேகமெடுக்கிறது. பெயரை எழுத்தெழுத்தாகக் கூவும் பல்லவி நெடுநேரம் கழித்துத்தான் வருகிறது. அந்தப் பல்லவி பாடகர் வான் மாரிசன் தன் 'தெம்' குழுவுக்காக எழுதியது. தொடக்க வரிகள் பேட்டியின் சொந்தக் கவிதை. வெறும் 'கவர்' (பிறர் பாடலை மறுபடி பாடுவது) என்றாலும் பிழை, 'முழுக்க அவருடையது' என்றாலும் பிழை. இருவர் பெயரையும் போடுங்கள். 'பிகாஸ் தி நைட்' (1978) பாட்டுக்கும் அப்படியே: ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாதியில் விட்டதைப் பேட்டி எழுதி முடித்தார்.

1977 ஜனவரியில் அமெரிக்காவின் டாம்பா நகரில் மேடையிலிருந்து அவர் விழுந்து கழுத்தெலும்பு முறிந்ததைப் போதைப்பொருளோடு முடிச்சுப் போடாதீர்கள். சுழன்று ஆடும்போது மேடையில் இருந்த மானிட்டர் ஸ்பீக்கரில் கால் இடறியது, அவ்வளவுதான்.

1979-க்குப் பிறகு 'ஓய்வு பெற்றார்' என்றும் எழுதிவிடக்கூடாது. டெட்ராய்ட் பக்கம் குடியேறி, இரண்டு பிள்ளைகளை வளர்த்தபடி எழுதிக்கொண்டே இருந்தார். 1988-இல் 'ட்ரீம் ஆஃப் லைஃப்' ஆல்பம் வந்தது. 1994-இல் கணவரையும், அடுத்த சில வாரங்களில் தம்பியையும் இழந்தார். 1996-இன் 'கான் அகெய்ன்' அந்தத் துக்கத்தில் பிறந்தது. இதை 'மறுபிரவேசம்' என்று ஒரே சொல்லில் கடப்பது அந்த ஆல்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

2016 டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில் பாப் டிலனின் நோபல் பரிசை அவர் வாங்கினார் என்றும் சிலர் எழுதுகிறார்கள். வாங்கவில்லை, டிலனின் பாடலைப் பாடினார். பரிசு யாருக்கு என்று தெரிவதற்கு முன்பே பாட அழைக்கப்பட்டு, தன் சொந்தப் பாடல் ஒன்றைத்தான் அவர் முதலில் தீர்மானித்திருந்தார். டிலன் பெயர் அறிவிக்கப்பட்ட பிறகே பாடலை மாற்றினார். இரண்டாம் சரணத்தில் தடுமாறி நின்று, பதற்றமாக இருப்பதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தார்.