அமெரிக்க செனட் எலெக்ஷன் ரிசல்ட்டை நோட்டும் பேனாவும் வச்சு நாமளே பார்க்கறது எப்படி: ஜார்ஜியாவை வச்சு ஆரம்பப் பாடம்

2021 ஜனவரி 6, காலைல அஞ்சரை மணி. மார்கழி மாசம், தெருமுனை கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை ஓடிட்டு இருக்கு, நான் மளிகைக் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல நாலு கோடு இழுத்து வச்சுட்டு லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்கேன். அமெரிக்காவோட ஜார்ஜியா ஸ்டேட்ல அப்போ முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணி, ஓட்டுப்பதிவு முடியற நேரம். அந்த ஒரே நாள்ல ரெண்டு செனட் சீட்டுக்கு எலெக்ஷன், அதை வச்சுதான் அமெரிக்க பார்லிமென்ட்டோட மேல்சபையான செனட்டே யார் கைக்குப் போகும்னு முடிவாகப் போகுது. அன்னிக்கு உக்காந்து கணக்குப் போட்டப்போ எனக்குப் புரிஞ்ச விஷயம் ஒண்ணுதான்: யார் முன்னிலைங்கறது பாதி விஷயம் கூட இல்ல, எண்ணாம பாக்கி இருக்குற ஓட்டு எந்த ஊர் ஓட்டுங்கறதுதான் முழு விஷயம். அதை எப்படிப் பார்க்கறதுன்னு புதுசா பார்க்கறவங்களுக்காக ஸ்டெப் ஸ்டெப்பா எழுதறேன்.

ஸ்டெப் 1: எந்த சீட், ஏன் இந்த வருஷம்னு முதல்ல எழுதிக்கோங்க

செனட்ல மொத்தம் 100 சீட், 50 ஸ்டேட், ஸ்டேட் பெருசோ சின்னதோ ஆளுக்கு ரெண்டு. ஒரு செனட்டரோட பதவிக்காலம் 6 வருஷம், ஆனா எல்லா சீட்டுக்கும் ஒரே நேரத்துல எலெக்ஷன் வராது, மூணு செட்டா பிரிச்சு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூணுல ஒரு பங்கு சீட்டுக்கு நடக்கும். நம்ம ராஜ்யசபா மாதிரியே இருக்கேன்னு தோணும், தோணினது சரிதான். 1913 வரைக்கும் அங்கயும் ஸ்டேட் சட்டசபைதான் செனட்டரைத் தேர்ந்தெடுத்துச்சு, அதுக்கப்புறம் 17வது சட்டத்திருத்தம் வந்துதான் மக்களே நேரா ஓட்டுப் போட ஆரம்பிச்சாங்க.

ஒரு ஸ்டேட்டோட ரெண்டு சீட்டும் வேற வேற செட்ல இருக்கும், அதனால சாதாரணமா ரெண்டுக்கும் ஒரே வருஷம் எலெக்ஷன் வராது. அப்புறம் 2020ல ஜார்ஜியாவுல மட்டும் எப்படி வந்துச்சு? டேவிட் பெர்டூவோட சீட்டுக்கு முறைப்படி 6 வருஷம் முடிஞ்சிருந்துச்சு. இன்னொரு சீட்ல இருந்த ஜானி ஐசக்சன் உடம்பு முடியாம 2019 கடைசில ராஜினாமா பண்ணிட்டார், கவர்னர் பிரையன் கெம்ப் அந்த இடத்துக்கு கெல்லி லெஃப்லரை நியமிச்சார், அந்த நியமனம் அடுத்த எலெக்ஷன் வரைக்கும்தான் செல்லும், அதனால பாக்கி இருந்த ரெண்டு வருஷத்துக்கு ஒரு இடைத்தேர்தல் வச்சாங்க. ரெண்டும் ஒரே நாள்ல விழுந்துச்சு. உங்க நோட்டுல முதல் வரில இதை எழுதிடுங்க: முழு டெர்மா, இடைத்தேர்தலா, இப்போ சீட்ல யாரு.

ஸ்டெப் 2: ஜெயிக்க எவ்வளவு வேணும்னு கண்டுபிடிங்க

புதுசா பார்க்கறவங்க நிறைய பேர் சறுக்கற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. அமெரிக்காவுல பெரும்பாலான ஸ்டேட்ல நம்ம ஊர் மாதிரிதான், யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயிச்சார். ஜார்ஜியாவுல அது பத்தாது. மொத்தம் பதிவான ஓட்டுல பாதிக்கு மேல வாங்கணும். யாருக்கும் பாதி வரலைன்னா முதல் ரெண்டு பேரை மட்டும் வச்சு மறுபடி ஒரு எலெக்ஷன், அதுக்குப் பேர் ரன்ஆஃப்.

2020 நவம்பர்ல வந்த நம்பரை அப்படியே நோட்டுல போட்டுப் பார்க்கலாம். ரிபப்ளிக்கன் கட்சி பெர்டூ 24,62,617. டெமாக்ரட் கட்சி ஜான் ஆஸாஃப் 23,74,519. லிபர்ட்டேரியன் கட்சி ஷேன் ஹேசல் 1,15,039. மூணையும் கூட்டுங்க, 49,52,175. அதுல பாதியைத் தாண்டணும்னா 24,76,088 வேணும். பெர்டூவுக்கு எவ்வளவு குறையுதுன்னு கழிச்சுப் பாருங்க: 13,471. கிட்டத்தட்ட அரை கோடி ஓட்டுல வெறும் பதிமூணாயிரத்து சொச்சம். ஜார்ஜியாவுல 159 கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) இருக்கு, மத்தவங்களுக்குப் போட்டவங்கள்ல ஒரு கவுன்ட்டிக்கு 85 பேர் மாத்தி அவருக்குப் போட்டிருந்தா அன்னிக்கே விஷயம் முடிஞ்சிருக்கும். இந்தக் கழித்தலைப் போட்டு முடிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போகுதுன்னு யார் சொன்னாலும் இப்போ இந்த நம்பரைத்தான் காட்டறேன்.

ஹேசல் வாங்கினது 2.32 சதவீதம்தான், ஆனா அந்த ரெண்டு சதவீதம்தான் பெர்டூவை 49.73ல நிறுத்துச்சு. அதனால மூணாவதா வர்றவர் பேரையும் நோட்டுல கண்டிப்பா எழுதணும், விட்டுடாதீங்க.

இடைத்தேர்தல் கதை இன்னும் வேற மாதிரி. அதுக்கு கட்சிக்குள்ள வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற முன்தேர்தலே கிடையாது, எல்லாக் கட்சிக்காரங்களும் ஒரே ஓட்டுச்சீட்டுல, மொத்தம் 20 பேர். டெமாக்ரட் கட்சி ரஃபேல் வார்னாக் 33 சதவீதத்துக்குப் பக்கம் வாங்கி முதல்ல வந்தார், லெஃப்லர் 26 பக்கம், அதே ரிபப்ளிக்கன் கட்சில இன்னொருத்தர் டக் காலின்ஸ் 20 பக்கம். ஓட்டு இப்படி சிதறிக் கிடக்கும்போது முதல்ல வந்தவர் பலமா இருக்கார்னு நினைச்சா தப்பு, கட்சிவாரியா கூட்டிப் பார்த்தாதான் நிலவரம் தெரியும்.

இந்த ரன்ஆஃப் சட்டம் எப்படி வந்துச்சுங்கறதையும் சொல்லிடறேன். ஜார்ஜியாவுல முன்னாடி கட்சி முன்தேர்தல்ல கவுன்ட்டி யூனிட் முறைன்னு ஒண்ணு இருந்துச்சு, சின்ன கிராமத்துக் கவுன்ட்டிக்கு அட்லாண்டாவை விட ரொம்ப அதிக மதிப்பு கொடுக்குற முறை, 1963ல சுப்ரீம் கோர்ட் அதை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதுக்கு அடுத்த வருஷமே இந்த பாதிக்கு மேல சட்டம் வந்துச்சு. கருப்பின மக்கள் ஒண்ணா சேர்ந்து ஒருத்தரை ஜெயிக்க வச்சிடக் கூடாதுங்கற எண்ணம் அதுக்குப் பின்னாடி இருந்துச்சுன்னு வரலாறு எழுதறவங்க சொல்றாங்க. அதே சட்டத்துல நடந்த ரன்ஆஃப்லதான் வார்னாக் ஜெயிச்சு ஜார்ஜியாவோட முதல் கருப்பின செனட்டர் ஆனார், மார்ட்டின் லூதர் கிங் போதகரா இருந்த எபெனேசர் சர்ச்சுக்கு இப்போ போதகர் அவர்தான்.

ஸ்டெப் 3: 159 கவுன்ட்டியும் வேணாம், ஆறு போதும்

நோட்டுல நாலு கோடு இழுங்க, அஞ்சு கட்டம் வரும்: கவுன்ட்டி பேரு, போன தடவை வந்த சதவீதம், இப்போ வர்ற சதவீதம், எண்ணின ஓட்டு, பாக்கி ஓட்டு. கவுன்ட்டி நான் எடுக்கறது இதுதான்: ஃபுல்ட்டன், டிகால்ப், க்வின்னெட், காப் (இந்த நாலும் அட்லாண்டாவும் அதைச் சுத்தியும்), அப்புறம் வடக்குல ஃபோர்சைத், செரோக்கி.

டிகால்ப்ல நூறு ஓட்டு விழுந்தா எண்பதுக்கு மேல டெமாக்ரட்டுக்குப் போகும், ஃபோர்சைத்ல மூணுல ரெண்டு பங்கு ரிபப்ளிக்கனுக்கு. க்வின்னெட்டும் காபும் முன்னாடி ரிபப்ளிக்கன் கோட்டை, 2016ல இருந்து மாற ஆரம்பிச்சுது. ஜான்ஸ் க்ரீக், ஆல்ஃபரெட்டா, கம்மிங் பக்கம் நம்ம தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்காங்க, உங்களுக்கும் அங்க சொந்தக்காரங்க இருக்கலாம், அவங்க இருக்குறது ஃபுல்ட்டனா ஃபோர்சைத்தான்னு கேட்டு வச்சுக்கோங்க, மேப்ல பார்க்கும்போது ஒட்டுதலா இருக்கும். சிட்டிசன்ஷிப் வாங்கினவங்க மட்டும்தான் ஓட்டுப் போட முடியும், க்ரீன் கார்டு பத்தாது.

எதுக்கு போன தடவை சதவீதம்? ஒரு கவுன்ட்டி முழுசா எண்ணி முடிச்சதும் போன தடவையை விட ரெண்டு பாயின்ட் கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு பாருங்க. ஆறு கவுன்ட்டியும் ஒரே பக்கம் சாய்ஞ்சா ஸ்டேட்டும் அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் சாயும்.

ஸ்டெப் 4: எந்த வகை ஓட்டு எண்ணியிருக்காங்கன்னு பாருங்க

நம்ம ஊர்ல முதல்ல தபால் ஓட்டு, அப்புறம் மெஷின் ஓட்டு, ரவுண்டு ரவுண்டா வரும். ஜார்ஜியாவுல மூணு வகை: தபால்ல வந்தது, எலெக்ஷனுக்கு முன்னாடியே சென்டருக்கு நேர்ல போய்ப் போட்டது, எலெக்ஷன் அன்னிக்குப் போட்டது. எது முதல்ல வரும்ங்கறது கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி மாறும். 2020லயும் 2021லயும் டெமாக்ரட் ஆளுங்க தபால்ல அதிகம் போட்டாங்க, ரிபப்ளிக்கன் ஆளுங்க எலெக்ஷன் அன்னிக்கு அதிகம் போட்டாங்க, அதனால ஒரே கவுன்ட்டிலயே எந்தக் கட்டு முதல்ல வருதோ அதைப் பொறுத்து நிலவரம் தலைகீழா தெரியும்.

இன்னொரு ஆபத்து, இத்தனை சதவீதம் பூத் ரிப்போர்ட் பண்ணிடுச்சுன்னு போடுவாங்க. ஒரு பூத்ல அன்னிக்குப் போட்ட ஓட்டு மட்டும் வந்திருந்தாலும் அந்த பூத் வந்துடுச்சுன்னு கணக்குல சேர்ந்துடும். அதை நம்பாதீங்க, இன்னும் எத்தனை ஓட்டு எதிர்பார்க்கறாங்கங்கற நம்பரைத் தேடுங்க.

ஸ்டெப் 5: பாக்கிக் கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். ரிபப்ளிக்கன் 40,000 ஓட்டு முன்னிலை. பாக்கி 60,000 ஓட்டு, எல்லாம் டிகால்ப். அங்க நூத்துக்கு 84 டெமாக்ரட், 16 ரிபப்ளிக்கன், அதாவது ஒவ்வொரு நூறு ஓட்டுக்கும் 68 ஓட்டு வித்தியாசம் கூடுது. 600 நூறு இருக்கு, 600 பெருக்கல் 68, 40,800. முன்னிலை போயிடுச்சு, டெமாக்ரட் 800 ஓட்டுல மேல. அதே 60,000 செரோக்கில பாக்கி இருந்தா? முன்னிலை இன்னும் பெருசாகும். திரைல காட்டற நம்பர் ரெண்டுலயும் ஒண்ணுதான், முடிவு நேர் எதிர்.

2021 ஜனவரில நான் நேர்ல பார்த்தது இதையேதான். அந்த ராத்திரி பெர்டூவும் லெஃப்லரும் முன்னாடி போயிட்டு இருந்தாங்க, ஆனா டிகால்ப்ல முன்கூட்டியே நேர்ல போட்ட ஓட்டு ஒன்றரை லட்சத்துக்கு மேல வராம நின்னுட்டு இருந்துச்சு, என் நோட்டுல அந்தக் கட்டத்தை மட்டும் ரெண்டு தடவை வட்டம் போட்டு வச்சிருந்தேன். அது வந்து விழுந்ததும் முன்னிலை மாறிடுச்சு. நம்ம நேரம் மதியம் பன்னெண்டரை வாக்குல வார்னாக் ஜெயிச்சார்னு நியூஸ் ஏஜென்சி அறிவிச்சுது, ஆஸாஃபுக்கு அறிவிப்பு வர இன்னும் பல மணி நேரம் ஆச்சு.

ஸ்டெப் 6: ரன்ஆஃப்னா யார் திரும்பி வரலைன்னு பாருங்க

ரன்ஆஃப்ல மனசு மாறினவங்களை விட வீட்லயே இருந்துட்டவங்கதான் முடிவைத் தீர்மானிக்கறாங்க. நவம்பர் நம்பரையும் ஜனவரி நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. பெர்டூ 24,62,617ல இருந்து 22,14,979க்கு இறங்கினார், 2,47,638 குறைஞ்சுது. ஆஸாஃப் 23,74,519ல இருந்து 22,69,923, குறைஞ்சது 1,04,596. நவம்பர்ல 88,098 ஓட்டு பின்னாடி இருந்தவர் ஜனவரில 54,944 ஓட்டு முன்னாடி வந்தார், அதுவும் தன்னோட ஓட்டே குறைஞ்சும். தன் ஆளுங்களை ரெண்டாவது தடவையும் வீட்டை விட்டுக் கிளப்பி பூத்துக்குக் கூட்டிட்டு வந்தவங்க ஜெயிச்சாங்க, வீடு வீடா கதவைத் தட்டினவங்களோட உழைப்பு அது.

2022லயும் ரன்ஆஃப் வந்துச்சு. வார்னாக் 49.44, ரிபப்ளிக்கன் ஹெர்ஷல் வாக்கர் 48.49, மறுபடி லிபர்ட்டேரியன் ரெண்டு சதவீதம். டிசம்பர் 6 ரன்ஆஃப்ல வார்னாக் 51.4 வாங்கி முழு ஆறு வருஷத்துக்குப் போனார். ஆனா முதல்ல வந்தவர்தான் ரன்ஆஃப்லயும் ஜெயிப்பார்னு கிடையாது, 1992ல வைச் ஃபவுலர் நவம்பர்ல முதல்ல வந்துட்டு ரன்ஆஃப்ல தோத்தார். ஒரு மாற்றம் ஞாபகம் வச்சுக்கோங்க, 2021 ஜனவரில ரெண்டு எலெக்ஷனுக்கும் நடுவுல ஒன்பது வாரம் இருந்துச்சு, அந்த வருஷமே சட்டத்தை மாத்தி நாலு வாரமா சுருக்கிட்டாங்க.

ஸ்டெப் 7: முடிஞ்சுதான்னு எப்போ சொல்லலாம்

டிவியும் நியூஸ் ஏஜென்சியும் சொல்றது அவங்க கணிப்பு. சட்டப்படி ரிசல்ட்டுக்கு கவுன்ட்டி சான்று கொடுக்கணும், அதுக்கப்புறம் ஸ்டேட். வித்தியாசம் அரை சதவீதமோ அதுக்குக் கீழயோ இருந்தா தோத்தவர் மறு எண்ணிக்கை கேட்கலாம். ஆஸாஃபோட வித்தியாசம் 1.2 சதவீதம், அதனால அதுக்கு வழியில்ல.

கடைசியா, செனட் மொத்தக் கணக்கு. அந்த ரெண்டு சீட்டும் சேர்ந்து செனட்ல டெமாக்ரட் பக்கம் 50, ரிபப்ளிக்கன் பக்கம் 50 ஆச்சு, சமமா நின்னா துணை ஜனாதிபதி ஓட்டு. 2021 ஜனவரி 20 அன்னிக்கு துணை ஜனாதிபதியா பதவி ஏத்துக்கிட்ட டெமாக்ரட் கமலா ஹாரிஸ், அதே நாள் வார்னாக்குக்கும் ஆஸாஃபுக்கும் பதவிப் பிரமாணம் செஞ்சு வச்சாங்க. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்துல பிறந்த பி.வி. கோபாலனோட பேத்தி. அவங்க பதவில இருந்த நாலு வருஷத்துல சமமா நின்னப்போ 33 தடவை ஓட்டுப் போட்டாங்க, அதுக்கு முன்னாடி எந்தத் துணை ஜனாதிபதியும் அத்தனை தடவை போட்டதில்ல.

ஆஸாஃபோட சீட்டுக்கு அடுத்த எலெக்ஷன் 2026 நவம்பர் 3. நம்ம ஊர்ல நவம்பர் 4 காலைல அஞ்சரைக்கு எண்ண ஆரம்பிப்பாங்க. யாருக்கும் பாதி வரலைன்னா ரன்ஆஃப் டிசம்பர் 1, நமக்கு டிசம்பர் 2 காலைல, அதுக்குள்ள நோட்டுல நாலு கோடு இழுத்து ஆறு கவுன்ட்டி பேரையும் எழுதி, ரெண்டாவது கட்டத்துல போன தடவை சதவீதத்தை நிரப்பி வச்சிடுங்க.